கேள்வி எங்கள் மேசை வரை வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், விளைவித்தவருக்கும் உழைத்தவருக்கும் நியாயமான பலன் கிடைக்கச் செய்ய முயலும் நியாய வணிகம் (ஃபேர்டிரேட்) பற்றி வந்த கட்டுரையின் கடைசி வரி என்னை மிகவும் புண்படுத்தியது. சாதாரண மக்களால் இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, முத்திரை உள்ள சட்டையை வாங்கினால் வாங்கியவர் மனசு ஆறும், அவ்வளவுதான் என்று முடித்திருந்தீர்கள். ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் தைத்தவள் நான். எங்கள் கை பட்ட சட்டையைப் பற்றி எழுதும்போது எங்களில் ஒருத்தியிடமாவது பேசியிருக்கலாம்.

அந்த முத்திரையைப் பற்றியே தப்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சட்டையில் இருக்கும் ஃபேர்டிரேட் பருத்தி முத்திரை, பருத்தி விளைவித்த விவசாயிக்கானது. தைத்தவளுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்பதையெல்லாம் அது சொல்லாது. நூற்பிலிருந்து தையல் வரை தொழிலாளர்களைக் கணக்கில் எடுக்கும் தனி விதிமுறை 2016-இல்தான் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால், படிப்பவர் எங்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

காப்பியைப் பற்றிச் சொன்னதும் பாதிதான். கூடுதலாகக் கொடுக்கும் காசு கடைக்காரரோடு நின்றுவிடும் என்கிறீர்கள். கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காப்பிக் கொட்டைக்கு ஃபேர்டிரேட் குறைந்தபட்ச விலையை 2023 ஆகஸ்டில் ஒரு பவுண்டு எடைக்கு (சுமார் 450 கிராம்) 1.80 டாலர் என்று வைத்தார்கள். சந்தை விலை அதற்கு மேல் போனால் சந்தை விலையைத் தர வேண்டும். கீழே விழுந்தால் அந்தக் குறைந்தபட்ச விலைக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் 20 சென்ட் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது, அதை எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்கிறார்கள். 2001 வாக்கில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனபோது தோட்டத்தை விட்டே போனவர்களுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று தெரியும். குறை இல்லாமல் இல்லை. சிறு விவசாயியின் தோட்டத்துக்குக் கூலிக்கு வருபவரிடம் அந்தப் பணம் பல இடங்களில் போய்ச் சேருவதில்லை. அதை எழுதுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஒன்றுமே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

சாதாரண மக்கள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே தூணில் விரிசல் கண்டு, கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். அதன்பிறகு கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தத்தில் பெரிய ஆடை விற்பனை நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டது தானாக மனம் இரங்கி அல்ல. உலகமெங்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் மனுக்களில் கையெழுத்துப் போட்டார்கள், கடை வாசலில் நின்று கேட்டார்கள். அப்படியும் நிவாரண நிதிக்கு வேண்டிய 3 கோடி டாலர் சேர 2015 ஜூன் ஆகிவிட்டது. உங்கள் பத்திரிகையில் ஒரு ஏப்ரலிலாவது இதைப் பற்றி ஒரு பத்தி வந்ததாக எனக்கு நினைவில்லை.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் நிறுவனத்தில் ஆடிட் என்ற சோதனை வரும் நாளில் மட்டும் அவசரக் கதவின் பூட்டு திறக்கும், முகக்கவசம் கைக்கு வரும். ஓவர்டைம் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் முந்தின நாளே ஒப்பிக்க வைப்பார். ஆடிட்டர் போனதும் கதவு பூட்டிக்கொள்ளும். எங்களிடம் ஆடை வாங்கி விற்கும் பையருக்கும் இது தெரியும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்வோம். பிறகு அந்தப் பையரின் கடைகளில், இதை எங்கே தைத்தீர்கள் என்று வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அவர்கள் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். எங்கள் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அதில் வந்தன. அதன்பிறகு அந்தக் கதவு பூட்டப்படவில்லை. ஓவர்டைம் பணம் சம்பளச் சீட்டில் தனி வரியாக வந்தது. கூலி உயர்ந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தீப்பிடித்தால் வெளியே ஓட வழி இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கேட்டது தங்கள் மனசு ஆறவா?

கொரோனா வந்த 2020-இல், தைத்து முடித்து அட்டைப்பெட்டியில் கட்டிவைத்த ஆர்டர்களை நிறுவனங்கள் ரத்து செய்தபோதும் இப்படித்தான். வாங்குகிறவர்கள் சமூக ஊடகங்களில் நெருக்கிய பிறகுதான் அவற்றில் பல, பாக்கியைத் தர ஒப்புக்கொண்டன. அந்த மாதங்களில் நீங்கள் வெளியிட்டது மலிவு ஆடைகள் பற்றிய சிறப்புப் பக்கம். நான்கு முறை உடுத்திவிட்டுத் தூக்கிப் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் அனுப்பிய கடிதத்தில் உங்கள் வடிவமைப்பைப் பாராட்டிய ஒரே வாக்கியம்தான் அச்சில் வந்தது.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம். இங்கிலாந்தின் கார்ஸ்டாங் என்ற சிற்றூரில் கடைக்காரர்களும் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் ஃபேர்டிரேட் பொருட்களை விற்பது, பயன்படுத்துவது என்று பேசி வைத்துக்கொண்டு, 2000-இல் தங்கள் ஊரை உலகின் முதல் ஃபேர்டிரேட் ஊர் என்று அறிவித்தார்கள். அலுவலகத்துக்குக் காப்பித்தூள் வாங்குபவர், பள்ளிச் சீருடைக்கு ஆர்டர் கொடுப்பவர் என்று யாராலும் இது முடியும். கைவினைப் பொருள் செய்தவரிடம் அடிமட்டத்துக்குப் பேரம் பேசாமல் இருப்பதும், ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணத்தைத் தருவதும்கூட ஆதரவுதான்.

முத்திரை பற்றிய திருத்தத்தைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். அப்புறம், துணிமணிப் பக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்குக் கீழேயும், அது தன் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்ட வேண்டி வந்தால், கதவைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் வேலை பார்த்த வாசகி