மங்கைக்கு, ஹூஸ்டனிலிருந்து

அன்புள்ள மங்கை,

இங்கே அனைவரும் நலம். நீயும் அண்ணனும் உன் மருத்துவமனைக் கிணற்றடி வேம்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பச்சைக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பித் தரும் எண்ணமில்லை. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக உன் அழைப்புகளை எடுக்காமல் இருந்ததற்கு வேலைப்பளு என்று சொல்லிவந்தேன் அல்லவா? அது பொய்.

சென்ற வாரம் எங்கள் மருத்துவமனை வழக்கறிஞர் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். கருக்கலைப்புத் தடையில் உள்ள விதிவிலக்கைத் தெளிவுபடுத்தி டெக்சாஸ் சட்டமன்றம் 2025-இல் ஒரு சட்டம் இயற்றியது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால், அது கழுத்துக்கு வரும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று அது சொல்கிறது. மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்துபோய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2022 ஜூன் 24-இல். இங்கே முழுத்தடை வந்தது ஆகஸ்ட் 25-இல். மீறும் மருத்துவருக்கு ஆயுள் தண்டனை வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், உரிமமும் பறிபோகும். பாலியல் வன்முறைக்கு விலக்கு இல்லை. உயிருக்கு ஆபத்து, அல்லது உடலின் முக்கியச் செயல்பாடு ஒன்று பெரிதும் பழுதுபடும் அபாயம் என்ற ஒரே வாசல்தான். அந்த அக்டோபரில், என் இரவுப் பணியில், பதினெட்டு வாரத்தில் பனிக்குடம் உடைந்து ஒரு பெண் வந்தாள். குழந்தை பிழைக்காது என்பது முதல் ஸ்கேனிலேயே தெரிந்தது. ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நம் சீஃப் அம்மா இருந்திருந்தால் அடுத்த அரை மணியில் கருவை வெளியேற்றும் மருந்து போயிருக்கும். நானோ நோயாளியிடம் பேசுவதற்கு முன் வழக்கறிஞருக்குத் தொலைபேசினேன், மங்கை. இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன்.

"இப்போது காய்ச்சல் இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். இல்லை. "அப்படியென்றால் கவனித்துவாருங்கள்." பதினோரு மணி நேரம் கவனித்துவந்தேன். மணிக்கொரு முறை வெப்பமானியை வைத்து, அது 100.4-ஐத் தொடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிக்குக் காய்ச்சல் வரட்டும் என்று ஒரு மருத்துவர் காத்திருப்பதை நீ கற்பனை செய்ய முடிகிறதா? எங்கள் மயக்க மருந்து மருத்துவர் கருக்கலைப்பை மனதார எதிர்ப்பவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்பவர். "எதற்காகக் காத்திருக்கிறோம்?" என்று அன்றிரவு முதலில் கேட்டவர் அவர்தான். விடியற்காலை 101.8 வந்தது, நாடி 130-ஐத் தாண்டியது, உடனே சட்டம் எங்களுக்கு வழிவிட்டது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து அவள் பிழைத்தாள். அவள் கணவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

2012-இல் அயர்லாந்தின் கால்வேயில் இந்தியப் பெண் சவிதா ஹலப்பனவார் இறந்தபோது, பதினேழாவது வாரத்தில் கருச்சிதைவு தொடங்கிய பிறகும் இதயத்துடிப்பைக் காட்டிக் கருக்கலைப்பை மறுத்தார்களே, அவர்கள் மருத்துவர்களா என்று மூன்று பக்கம் எனக்கு எழுதினாய். நானும் அப்போது உன்னைவிடக் கடுமையாகத் திட்டி பதில் போட்டேன். அயர்லாந்து மக்கள் 2018-இல் வாக்களித்து அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். என் பதில் கடிதம் உன்னிடம் இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடு.

விதிவிலக்கை விரிவாக எழுதினால் சரியாகிவிடும் என்கிறவர்களோடு இப்போது எனக்கு ஒத்துப்போகவில்லை. 2023 டிசம்பரில் கேட் காக்ஸ் என்ற பெண், கருவுக்கு டிரைசோமி 18 என்ற, பெரும்பாலும் உயிர் தங்காத மரபணுக் கோளாறு என்று தெரிந்தபின் கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார். மருத்துவர் "நல்லெண்ணத்தோடு நம்புகிறேன்" என்றுதான் சொன்னாரே தவிர, சட்டம் கேட்கும் "நியாயமான மருத்துவக் கணிப்பு" என்று சொல்லவில்லை எனக் கூறி மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. காக்ஸ் வெளிமாநிலம் சென்றார். ஆபத்து உடனடியாக இருக்க வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் 2024 மே மாதம் சொன்னது. நல்லதுதான், புதுச் சட்டமும் நல்லதுதான். அதனால் சிலர் உயிர் பிழைப்பார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த வாசகத்தை வாசிக்கப்போவது சிறையை நினைத்து நடுங்கும் ஒரு மருத்துவர். எந்தச் சொல்லைப் போட்டாலும் அவர் அதன் குறுகிய பொருளைத்தான் எடுப்பார். நான் எடுத்தேனே.

உன் ஊரிலும் கருக்கலைப்பை அனுமதிக்கும் 1971 சட்டம் இருந்தும் மருத்துவர் கையெழுத்துக்கு அலைகிறவர்கள் உண்டு என்று நீ சண்டைக்கு வருவாய். வா. ஆனால் ஆறுதல் மட்டும் எழுதாதே. அந்தப் பதினோரு மணி நேரத்தில், என் இடத்தில், எத்தனையாவது மணியில் நீ மருந்து கொடுத்திருப்பாய் என்று எழுது. அடுத்த மாதம் முதல் எனக்கு இரவுப் பணி இல்லை. உங்கள் காலை ஏழு மணிக்கு அழைத்தால் எடுப்பேன்.

அன்புடன்,
கௌசல்யா