இல்லாத மோட்டாரைப் பழுதுபார்த்ததாகப் போட்ட ரூ.4,720 பில் குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
பழைய கேமரா விற்பனை மற்றும் சர்வீஸ் நிறுவனம்,
சென்னை.

பொருள்: தங்களிடம் வாங்கிய கானன் ஈ.ஓ.எஸ்-1வி ஃபிலிம் கேமராவுக்குத் தவறாக வசூலித்த சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஜனவரி 20 அன்று தங்கள் நிறுவனத்தில் கானன் ஈ.ஓ.எஸ்-1வி பாடியும் 50 மி.மீ. லென்ஸும் சேர்த்து ரூ.52,000 கொடுத்து வாங்கினேன். 'முழுவதும் சோதிக்கப்பட்டது, ஆறு மாத உத்தரவாதம்' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். பெட்டிக்குள் கேமரா, லென்ஸ், கழுத்துப் பட்டை இருந்தன. கையேடு இல்லை. கேட்டதற்கு, "பழைய கேமராவுக்கெல்லாம் மேனுவல் வராது சார், ஆட்டோமேட்டிக்தானே, அமுக்குனா படம் விழும்" என்றார் கடையில் இருந்த தம்பி.

அமுக்கினேன். படம் விழுந்தது. ஆனால் ஃபோகஸ் ஆகவில்லை.

நான் முப்பது வருடம் பென்டாக்ஸ் கே1000 வைத்திருந்தவன். அதில் ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரம், அப்பர்ச்சருக்கு ஒரு வளையம், ஃபோகஸுக்கு ஒரு வளையம், அவ்வளவுதான். கண் மங்க ஆரம்பித்ததால்தான் தானே ஃபோகஸ் செய்துகொள்ளும் ஆட்டோஃபோகஸ் கேமரா வேண்டும் என்று தங்களிடம் வந்தேன். இந்த மாடலை கானன் 2000-இல் வெளியிட்டது. விற்பனை முடிந்துவிட்டது என்று 2018 மே மாதம் அறிவித்தும் விட்டது. இனிப் புதிதாக வாங்க வழியில்லை என்பதால் உங்களைப் போன்ற கடைகளை நம்பித்தான் வர வேண்டியிருக்கிறது.

ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் வ்யூஃபைண்டருக்குள் எண்கள் எரிந்தன, வெளிச்ச அளவு சரியாகக் காட்டியது. லென்ஸ் மட்டும் அசையவில்லை. மறுநாளே தங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தேன். லென்ஸ் பக்கத்து சுவிட்ச் ஏ.எஃப்.-இல் (ஆட்டோஃபோகஸில்) இருக்கிறதா பாருங்கள் என்றார்கள். இருந்தது. லென்ஸின் பின்பக்கத்துப் பித்தளைப் புள்ளிகளைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். பேட்டரி மாற்றச் சொன்னார்கள். 2சிஆர்5 லித்தியம் பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கிற சமாச்சாரமா? திருச்சியிலிருந்து ரூ.950 கொடுத்து வரவழைத்தேன். அதுவும் போலி என்று சந்தேகம் சொன்னார்கள். இன்னொன்றும் வாங்கினேன். லென்ஸ் அப்படியே நின்றது.

பிப்ரவரி 10 அன்று ரூ.640 செலவழித்து இன்சூரன்ஸுடன் கூரியரில் அனுப்பினேன். இருபத்து மூன்று நாள் கழித்து கேமரா திரும்பி வந்தது, ஒரு பில்லுடன். பில்லில் இருப்பதை எழுத்து மாறாமல் தருகிறேன்: 'கேமரா பாடி ஏ.எஃப். மோட்டார் சர்வீஸ் – ரூ.4,000. ஜி.எஸ்.டி. 18% – ரூ.720. மொத்தம் ரூ.4,720.' உத்தரவாதம் என்னாயிற்று என்று கேட்டேன். மோட்டார் தேய்மானப் பகுதி, உத்தரவாதத்தில் வராது என்றார்கள். பணம் கட்டினால்தான் பார்சல் கிளம்பும் என்றதால் கட்டிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் பழைய கதைதான். திரும்பவும் போன் செய்தேன். "நாங்க டெஸ்ட் பண்ணும்போது நல்லா இருந்துச்சு சார், உங்களுக்குப் பழகணும்" என்று பதில். அதோடு விட்டுவிட்டேன். போகட்டும், கே1000 மாதிரியே கையால் வளையத்தைத் திருப்பி எடுப்போம் என்று முடிவு செய்தேன். ஐம்பத்து இரண்டாயிரத்துக்கு ஆட்டோஃபோகஸ் கேமரா வாங்கிவிட்டு!

ஏப்ரலில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பறவைகளைப் படம் எடுப்பவர். மேஜையில் இருந்த கேமராவைக் கையில் எடுத்தார், கண்ணில் வைத்தார். அவருடைய வலது கட்டைவிரல் தானாகப் பின்பக்கம் போய், நட்சத்திரக் குறி போட்ட ஒரு சின்னப் பொத்தானில் உட்கார்ந்தது. 'ஸ்ரிக்' என்று லென்ஸ் ஓடியது. உள்ளே சிவப்புப் புள்ளி மின்னியது. "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். மூன்று மாதமாக அந்த லென்ஸ் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. வாங்கிய நாள் முதல் அது கெட்டுப் போகவே இல்லை, ஐயா.

பக்கவாட்டில் இருக்கும் சிறு மூடியைத் திறந்தார். கேமரா நடந்துகொள்ளும் விதத்தை நம் விருப்பப்படி மாற்றி வைக்கும் 'கஸ்டம் ஃபங்ஷன்' பொத்தானை அழுத்தி, ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினார். மேல் பக்கத்து எல்.சி.டி.யில் எண்கள் ஓடின. நான்காம் எண்ணில் நிறுத்தினார். எல்லாமே 0-வில் இருக்க வேண்டிய இடத்தில் அது 1 என்று காட்டியது. அந்த 1-க்கு என்ன பொருள் என்றால், ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் வெளிச்ச அளவை மட்டும் பூட்டும், ஃபோகஸ் வேலை கட்டைவிரல் பொத்தானுக்குப் போய்விடும். விளையாட்டுப் படம், பறவைப் படம் எடுப்பவர்கள் விரும்பி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. கானன் 1989-இலேயே ஈ.ஓ.எஸ் 630-இல் கொண்டு வந்துவிட்டதாம். கேமராவின் முந்தைய உரிமையாளர் அப்படி வைத்துப் பழகியிருக்கிறார். அவர் விற்றார், நீங்கள் வாங்கினீர்கள், அப்படியே எனக்கு விற்றீர்கள்.

இப்போது அந்த ரூ.4,720-க்கு வருகிறேன். கானன் ஈ.ஓ.எஸ் வரிசை 1987-இல் தொடங்கியபோதே ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே இருப்பது மின்தொடர்பு மட்டும்தான். அந்தக் காலத்தில் வேறு சில நிறுவனங்களின் கேமராக்களில் பாடிக்குள் மோட்டார் இருந்து ஒரு திருகாணி மூலம் லென்ஸைச் சுழற்றும். ஈ.ஓ.எஸ்-1வி-யில் அது கிடையாது. பாடியில் ஃபிலிமைச் சுற்றவும் கண்ணாடியைத் தூக்கவும் மோட்டார் உண்டு. லென்ஸை ஓட்டுவதற்கு இல்லை. அப்படியானால் 'கேமரா பாடி ஏ.எஃப். மோட்டார் சர்வீஸ்' என்று உங்கள் சர்வீஸ் ஆள் இருபத்து மூன்று நாள் எதைத் திறந்து எதைச் சரிசெய்தார்? எனக்கு இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். காளை கன்று போட்டது என்றால் தொழுவத்தில் கட்டு என்கிற கதையாக, நானும் அல்லவா பணத்தைக் கட்டியிருக்கிறேன்!

இந்த மெனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மெனு என்றதும் செல்போனில் வருவது போல எழுத்து எழுத்தாக வரும் என்று நினைத்திருந்தேன். 2004-இல் வந்த நைக்கான் எஃப்6-இல் முதுகுத் திரையில் அப்படி வரும் என்று மாணவர் சொன்னார். இதில் எண்கள் மட்டும்தான். 0 முதல் 19 வரை இருபது எண்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 0, 1, சிலவற்றில் 2, 3. எது என்ன செய்யும் என்று கேமரா சொல்லாது. இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. தொழில்முறைக் கேமராவை வாங்குகிறவன் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் தொடுவான் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள், அது நியாயம்தான். கையேடு இல்லாமல் கொடுத்தால்தான் அது விடுகதை. இணையத்திலிருந்து மாணவர் இறக்கிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, இரண்டு மாலை உட்கார்ந்து இருபது எண்ணையும் ஒரு நோட்டுத்தாளில் தமிழில் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு: முதல் அழுத்தில் கண்ணாடி மேலே போகும், இரண்டாம் அழுத்தில் படம். இப்படி. அறுபத்து மூன்று வயதில் எனக்கு இரண்டு மாலை. சர்வீஸ் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த நோட்டுத்தாளில் இரண்டாம் எண்ணை எழுதும்போதுதான் எனக்கு இன்னொரு விஷயம் விளங்கியது. பணத்தைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மார்ச் கடைசியில் என் பேத்திக்குக் காதுகுத்து. திருவிடைமருதூர் பக்கம் அய்யனார் கோயிலில். இல்ஃபோர்டு எச்.பி.5 கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ஒரு சுருள் முழுக்க, முப்பத்தாறு படமும் கையால் ஃபோகஸ் செய்து எடுத்தேன். கடைசிப் படம் முடிந்ததும் கேமரா தானே ஃபிலிமைச் சுற்றிக்கொண்டது. பந்தி பரிமாறும் அவசரத்தில் அதைக் கழற்றிப் பையில் போட்டது என் மருமகன். அதே பையில் புதுச் சுருள் ஒன்றும் இருந்தது. அடுத்த வாரம் மகாமகக் குளத்துக்குக் கிளம்பும்போது பையில் கையை விட்டேன், நாக்கு, அதாவது ஃபிலிமின் முனை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சுருளை எடுத்துப் போட்டேன். நாக்கு வெளியே இருந்தால் புதுசு, உள்ளே போயிருந்தால் எடுத்தது. இது முப்பது வருடப் பழக்கம். கே1000-இல் நானே கைப்பிடியைச் சுற்றுவேன், ஃபிலிம் விடுபட்டு லேசாகும்வரை சுற்றி உள்ளே இழுத்துவிடுவேன்.

குளத்தில் முப்பத்தாறும் முடிந்தது. பின்கதவைத் திறந்தேன். நாக்கு வெளியே நின்றது. வயிற்றில் புளியைக் கரைத்தது.

இரண்டு சுருளையும் சென்னை லேபுக்கு அனுப்பினேன். ஒன்று ஒரு படமும் இல்லாமல் கண்ணாடியாக வந்தது. மற்றொன்றில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரண்டு படம். தாய்மாமன் மடியில் குழந்தை வாயைத் திறந்து அழுகிறது. அந்த வாய்க்குள் குளத்துப் படிக்கட்டு இறங்குகிறது. ஆசாரி கையில் ஊசி பிடித்திருக்கும் படத்தில், குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஒன்று குழந்தையின் காதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. என் சம்பந்தி அம்மாள் பார்த்துவிட்டு, "சாமி குத்தமா இருக்குமோ" என்றார். சாமி குற்றம் இல்லை, கஸ்டம் ஃபங்ஷன் இரண்டு. அதை 1-இல் வைத்தால் ஃபிலிமைச் சுற்றியபின் நாக்கை வெளியே விட்டுவிடும். ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்களுக்கு வசதி. நான் புதுசு என்று நினைத்துப் போட்டது காதுகுத்துச் சுருளைத்தான். அதையும் முந்தைய உரிமையாளர் வைத்திருந்தார், அதையும் நீங்கள் பார்க்கவில்லை.

ஏப்ரல் 28 அன்று இவ்வளவையும் தங்கள் கடைக்கு போன் செய்து சொன்னேன். "கஸ்டம் செட்டிங்லாம் கஸ்டமர் பொறுப்பு சார்" என்று வைத்துவிட்டார்கள். அந்த செட்டிங்கை வைத்த கஸ்டமர் நான் அல்லவே.

எனவே நான் கேட்பது: சர்வீஸ் கட்டணம் ரூ.4,720, அனுப்பிய கூரியர் ரூ.640, தேவையில்லாமல் வாங்க வைத்த பேட்டரியில் ஒன்றுக்கு ரூ.950, ஆக மொத்தம் ரூ.6,310. இன்னொரு பேட்டரி கேமராவுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதற்குக் கேட்க மாட்டேன். வீணான ஃபிலிமுக்கும் லேப் செலவுக்கும் கேட்கவில்லை; சுருளின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் தப்பித்திருக்கும், அது என் பங்கு. இனி விற்கும் ஒவ்வொரு ஈ.ஓ.எஸ்-ஸிலும் கஸ்டம் ஃபங்ஷன் எண்களை எல்லாம் 0-வுக்குக் கொண்டு வந்துவிட்டு, கையேடு இல்லாவிட்டால் அரைப்பக்கத் துண்டுச் சீட்டாவது போட்டு அனுப்புங்கள். வேண்டுமானால் என் நோட்டுத்தாளை நகல் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணமும், மோட்டார் பற்றிய விளக்கமும் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். விற்பனை பில், சர்வீஸ் பில், கூரியர் ரசீது, பேட்டரி ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களும், மேலே சொன்ன இரண்டு படங்களின் பிரதிகளும் இத்துடன் உள்ளன. மூல நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது.

கேமராவைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் போன் செய்ய வேண்டாம். இரண்டாம் எண்ணை 0-வுக்கு மாற்றிவிட்டேன். நான்காம் எண் 1-இலேயே இருக்கட்டும், கட்டைவிரலுக்குப் பழகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.