பத்துச் சீவல்

குலசேகரம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அவளுக்குக் கால்வலி குறைந்தது கேட்டு சந்தோஷம். இங்கே தென்மேற்கு மழை விட்டுவிட்டது. கோதையாறு தெளிந்து ஓடுகிறது. ஐப்பசி மழை தொடங்கும் வரை ரப்பர் பால்வெட்டுக்கு நல்ல காலம், கேட்டியா. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உன் இளைய மகன் அருமனைப் பக்கம் பால்வெட்டுக்குப் போய் மூன்று வாரத்திலேயே, "பட்டம் படிச்சிட்டு மரத்தைச் சொரண்டுகிறேன்" என்று வெப்ராளப்படுவதாக எழுதியிருந்தாய். எந்த வேலையும் கேவலமில்லை என்று அவனிடம் சொல்லாதே. அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததால் விடியுமுன் எழும்பத் தெம்பு வந்துவிடாது. கையிலுள்ள கத்தி மரத்துக்குள் என்ன செய்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்லு.

ரப்பர் பால் ஊறுவது பட்டையில். வெளிப்புறம் காய்ந்த தொலி. உள்ளே, தடியை ஒட்டிய மெதுவான பகுதியில்தான் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் தடிக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. வெட்டிய இடத்தில் புதுப் பட்டையை உண்டாக்குவது அது. கத்தி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் நல்ல குழாய்கள் அறுபடாமல் பால் குறையும். கூடினால் படலத்தில் காயம் விழுந்து, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருடம் கழித்து அந்தப் புதுப்பட்டையில் வெட்ட வருகிறவனுடைய கத்தி அங்கே தட்டி நிற்கும். இன்று உன் மகன் போடும் காயத்துக்கு அன்றைக்கு யாரோ ஒருத்தன் கஷ்டப்பட வேண்டும்.

ஒவ்வொரு வெட்டிலும் கத்தி எடுக்கும் பட்டைச் சீவலின் கனம் இருக்கிறதே, அதன் கணக்கு இன்னும் தெளிவு. ஒட்டு மரத்தை 125 செ.மீ. உயரத்தில், அங்கே தடியின் சுற்றளவு 50 செ.மீ. வந்த பிறகுதான் வெட்டத் தொடங்குகிறோம். நட்டு ஏழு வருடம் காத்திருந்த மரம். தடியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஏறக்குறைய 115 செ.மீ. பட்டைதான் நம் மூலதனம். மூன்று நாளைக்கு ஒரு வெட்டு என்றால், மழையும் இலையுதிர்வும் போக வருடத்தில் நூறு வெட்டு. ஒரு சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் வருடத்துக்கு 15 செ.மீ.; ஏழு வருடத்துக்கு மேல் ஓடும். இரண்டரை மில்லிமீட்டராகச் சீவினால் 25 செ.மீ.; ஐந்து வருடம் முடியுமுன் பட்டை தீர்ந்துவிடும். கூடுதல் கனத்தில் சீவுவதால் ஒரு சொட்டுப் பால்கூட அதிகம் வராது. அந்த ஒரு மில்லிமீட்டர் முழுக்க நஷ்டம். மேற்பார்வையாளர் கண்ணில் அது அன்றைக்குப் படாது. வெட்டுகிறவன் விரலுக்கு மட்டும் தெரியும். இந்த வேலையை நான் பெரிதாக மதிப்பது இதற்காகத்தான்.

அவன் படித்த பையன், இதையும் சொல்லு. பிரேசில் காட்டில் முன்பு கோடாலியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். 1890களில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்பவர், புதிதாகக் கொத்தாமல் பழைய வெட்டின் ஓரத்தையே மறுபடி மெலிதாகச் சீவினால் பால் கூடுதலாக வருகிறது, மரமும் பிழைக்கிறது என்று காட்டினார். பேச்சிப்பாறை முதல் மலேசியா வரை தோட்டங்கள் நிற்பது அந்தச் சீவலை நம்பி. உன் மகன் விடியுமுன் செய்வதும் அதே சீவல்தான்.

வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, 30 பாகை சரிவில் இருக்க வேண்டும். குழாய்கள் மேலே போகப்போக லேசாக வலப்பக்கம் சாய்வதால், இப்படி வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். சரிவு குறைந்தால் பால் சாலில் ஓடாமல் பட்டைமேல் வழிந்து வீணாகும். புதிதாக வெட்டுகிறவர்களுக்குச் சரிவு தானாகவே குறைந்துகொண்டு வரும். சரிவு காட்டும் அச்சுத் தகட்டை வைத்து அடிக்கடி சரிபார்க்கச் சொல்லு. கை மட்டும் அசைந்தால் வெட்டு அலையலையாக வரும். காலும் கூடவே நகர வேண்டும். கத்தியைத் தினமும் சாணையில் தீட்டணும், முரட்டுக் கல்லில் தொடங்கி நைஸ் கல்லில் முடிக்கணும். மொட்டைக் கத்தி பட்டையைச் சீவாமல் பிய்க்கும்.

விடியுமுன் ஏன் என்று எரிச்சல்படுகிறானாம். இரவில் இலை நீரை விடுவது குறைவு, அதனால் குழாய்க்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற அது இறங்கும், பால் சீக்கிரம் நின்றுபோகும்.

முந்தின வெட்டின் சாலில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பால் பிடிக்கும் சிரட்டையைத் துடைத்து, அப்புறம் வெட்டணும். ஒட்டுப்பாலைக் கீழே எறியும் பழக்கம் இப்போதே வேண்டாம், அதுவும் விளைச்சலில் ஒரு பங்கு. வெட்டில்லாத மாதங்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கணும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

மழையில் வெட்டு நனையாமல் மரத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் மறைப்பின் ஒட்டு விட்டிருக்கிறதா என்று மரத்துக்கு மரம் பார்க்க வேண்டும். வெட்டுக்கு மேலே கருங்கோடு தெரிந்தால் மாங்கோசெப் மருந்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து வாரம் ஒருமுறை பூசணும். ஏதாவது மரம் திடீரென்று நீர்த்த பாலை நெடுநேரம் சொட்டினால் மகிழக்கூடாது. பட்டை மரத்துப்போவதற்கு முன்னால் அப்படித்தான் வரும். அடுத்து வெட்டின் ஒரு பகுதி உலர்ந்துவிடும். அந்த மரத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி மேலே தெரிவிக்க வேண்டியவன் அவன்தான். முந்நூறு மரத்தையும் வாரத்துக்கு இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிற ஆள் வேறு யார்?

முதல் மாதத்திலேயே மர எண்ணிக்கை கேட்டு விரட்டுவது தப்பு என்பது என் தீர்மானமான கருத்து. முதலில் ஆழம், பிறகு கனம், பிறகு சரிவு, வேகம் கடைசி. வெட்டி முறிக்கப்போகிற பழைய மரங்கள் இருந்தால் அதில் பழகக் கேட்டுப் பார்க்கச் சொல்லு. சின்ன நோட்டு ஒன்று வாங்கிக்கொடு. தினமும் இரண்டு எண் எழுதினால் போதும்: எத்தனை காயம் விழுந்தது, பத்து மரத்துச் சீவலை அடுக்கினால் எத்தனை மில்லிமீட்டர். பதினைந்துக்குப் பக்கத்தில் வந்தால் சரி. இருபத்தைந்தில் தொடங்கி இருபதுக்கு இறங்குவதைக் கண்ணால் பார்த்தானானால், காலையில் எழும்ப அலாரம் தேவைப்படாது.

ஷீட் அடிப்பது, புகையிடுவது, தரம் பிரிப்பது எல்லாம் அடுத்த கடிதத்தில். அவசரமில்லை.

உன் பதிலோடு அவன் வெட்டிய சீவல் பத்தை ஒரு கவரில் போட்டு அனுப்பு. நசுங்காமல் அட்டைக்கு நடுவில் வை. அளந்து பார்த்துவிட்டு அவனுக்கே நேராக எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்