ரிமாண்ட் போடும் முன் காலைப் பார்

பாளையங்கோட்டை

அன்பு மகள் தமிழரசிக்கு,

அம்மா எழுதுவது. நீ மாஜிஸ்திரேட்டாகச் சார்ஜ் எடுத்துக்கொண்ட அன்று அனுப்பிய போட்டோவை உன் அத்தை தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டாள். குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இது வேறு விஷயம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று நீ பாதியிலேயே வேறு வேலைக்குப் போய்விடுவாய்.

அகாடமியில் உனக்குச் சட்டம் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக மேடைக்குக் கீழே உட்கார்ந்து, ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டுக் கொண்டுவரப்படுகிறவர்களை மிகப் பக்கத்திலிருந்து பார்த்தவள். பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரரைத் தவிர வேறு அதிகாரி ஒருவரை அந்த மனிதன் முதன்முதலாகப் பார்ப்பது அந்த மேடையில்தான். அவனுடைய வீட்டு ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். வக்கீல் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். உள்ளே அவனும் நீயும்தான். பிடித்துக் கொண்டுவந்தவனை 24 மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டுமென்றாலும் சர்க்காருக்கு ஒரு கையெழுத்து வேண்டும். அது இனி உன் கையெழுத்து. என் பயமெல்லாம் அதைப் பற்றித்தான்.

எங்கள் கோர்ட்டில் ஒரு பெரியவர் மாஜிஸ்திரேட்டாக இருந்தார். சாயங்காலம், கோர்ட் முடிகிற நேரத்தில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ஏதோ ஊர்ப் பிரச்சினைக்காகப் போஸ்டர் ஒட்டியவன். ரிமாண்ட் ரிப்போர்ட், அரெஸ்ட் மெமோ, ஆஸ்பத்திரிச் சான்று எல்லாம் ஒழுங்காகப் பின் போட்டு இருந்தன. "ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று ஐயா கேட்டார். "இல்லைங்க" என்றான். அவன் சொல்லும்போது பக்கத்தில் நின்ற ஏட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நானும் பார்த்தேன். ஐயா போலீஸ்காரர்கள் எல்லோரையும் வராந்தாவுக்குப் போகச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். "அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வா" என்றார். பையன் குதிகாலை ஊன்றாமல், பாதத்தின் ஓரத்தாலேயே நடந்தான். அப்புறம் பெஞ்சில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கருநீலமாக இருந்தன. மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஐயா தன் கையாலேயே ஒவ்வொரு காயமாக எழுதினார்: எந்தக் கால், எந்த இடம், எவ்வளவு நீளம், என்ன நிறம். எழுதி முடித்து மறுபடியும் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வேறு டாக்டர் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று உத்தரவில் போட்டார். அன்றைக்குச் சில போன்கள் வந்தன. எடுத்துப் பேசினார், வைத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் பின்னால் அந்தப் பையனின் வக்கீல் வாதாடினார்.

சட்டைக்கு மேலே தெரியாதபடி அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் கண்ணு. ஆகவே முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே. நடக்கச் சொல்லிப் பார்.

இதில் எமர்ஜென்சி என்ற நெருக்கடி நிலைக் காலத்தை நான் மறப்பதே இல்லை. 1975 ஜூன் 25 ராத்திரி அறிவித்தார்கள். எதிர்த்துப் பேசியவர், பேசக்கூடும் என்று சந்தேகப்பட்டவர் எல்லோரும் உள்ளே. பின்னால் எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் கணக்கெடுத்தபோது மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் சேர்த்து 1,10,806 பேர் அடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மிசாவில் பிடித்தால் எதற்குப் பிடித்தோம் என்று சொல்லக்கூட வேண்டாம் என்று சட்டத்தையே திருத்திக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிற பேச்சுக்கே இடமில்லை. பத்திரிகைகள் தணிக்கைக்குப் போய்த்தான் அச்சுக்கு வந்தன.

1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே சென்னை மத்தியச் சிறையில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ராத்திரியில் மிசா கைதிகளை அடித்து நொறுக்கினார்கள். மு.க. ஸ்டாலின் அப்போது இளைஞர். அவர்மேல் விழுந்த அடிகளைத் தன்மேல் வாங்கிக்கொண்டவர் என்று சொல்லப்படுகிற சிட்டிபாபு சென்னை மேயராகவும் எம்.பி.யாகவும் இருந்தவர். அவர் உடல் தேறவே இல்லை, 1977-ல் இறந்துபோனார். எமர்ஜென்சி முடிந்தபின் நீதிபதி மு.மு. இஸ்மாயில் கமிஷன் விசாரித்து, அடித்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தது. சிறைக்குள் நடந்ததை ஒரு நீதிபதி எழுதிவைத்ததால்தான் இன்றைக்கு அது வதந்தியாக இல்லாமல் வரலாறாக இருக்கிறது.

அந்த அடி நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீ பரீட்சைக்குப் படித்ததுதான். எமர்ஜென்சி இருக்கும்வரை, அடைத்துவைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட யாருக்கும் உரிமை இல்லை என்று ஐந்து பேரில் நான்கு பேர் சொன்னார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அதற்கு முன்னால் மனுக்களை விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தும்! விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலிடம், ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்காவது வழி உண்டா என்று கேட்டார். எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்று பதில் வந்தது. அதைக் கேட்ட பிறகும் நான்கு பேர் அரசாங்கத்தின் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவரான நீதிபதி பேக், சிறையில் இருப்பவர்களை அரசு கிட்டத்தட்ட ஒரு தாயைப்போலக் கவனித்துக்கொள்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார். பெற்ற தாயாக இருந்து அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. சிறைக்குப் போய்ப் பார்க்காமல், அதிகாரிகள் கொடுத்த காகிதத்தை நம்பி எழுதினால் இப்படித்தான் எழுத வரும்.

கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவியை அவருக்கு இளையவரான பேக்குக்குக் கொடுத்தார்கள். கன்னா ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தவறு என்று சொல்லித் தூக்கிப்போட 2017 வரை ஆனது. 41 வருஷம்.

கேரளத்தில் ராஜன் கதை உனக்குத் தெரியும். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன். 1976 மார்ச் 1-ல் விடுதிப் பக்கத்தில் பிடித்துக் கக்கயம் போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உலக்கையைத் தொடைமேல் வைத்து உருட்டுவது வழக்கம். அவனுடைய அப்பா ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியர். அமைச்சர் வீடு, அதிகாரி வீடு, சிறை வாசல் என்று ஏறி இறங்காத இடமில்லை. எமர்ஜென்சி முடிந்ததும் ஆட்கொணர்வு மனு போட்டார். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று சர்க்கார் பிரமாணம் செய்தது. பிடித்தது உண்மைதான் என்று உயர் நீதிமன்றம் கண்டது, அதனால் முதலமைச்சர் கருணாகரன் பதவியில் உட்கார்ந்த சுமார் ஒரு மாதத்தில் இறங்க வேண்டிவந்தது. ஆனால் பையனின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த அப்பா 2006-ல் சாகும்வரை மகனுக்குக் கொள்ளி வைக்க முடியாதவராகவே இருந்தார். அரசியல் சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களே, அந்த ஒரு மேடை ராஜனுக்குக் கிடைத்திருந்தால் அவனை ஒருவராவது உயிரோடு பார்த்ததாகப் பதிவு இருந்திருக்கும்.

ஆனால் மேடை கிடைத்தும் பலனில்லாமல் போனதும் உண்டு. சாத்தான்குளம் நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனில் வைத்து ராத்திரி முழுக்க அடித்தார்கள். மறுநாள் டாக்டர் சான்று இருந்தது, மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இருவரும் மூன்றே நாளில் அடுத்தடுத்துச் செத்தார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை, பார். அதே வழக்கில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய இன்னொரு மாஜிஸ்திரேட், ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ்காரர்கள் மிரட்டியும் அசையாமல் உட்கார்ந்து விசாரித்தார். நடந்ததைப் பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அவரிடம்தான் பயந்து பயந்து உண்மையைச் சொன்னார். கேட்கிற ஆள் சரியாக இருந்தால் காக்கி உடைக்குள்ளிருந்தும் உண்மை வரும்.

இது ஒரு கட்சியோடு முடிகிற சங்கதி இல்லை. 1976-ல் சிறையில் அடிபட்ட அதே ஸ்டாலின் முதல்வராக இருந்தபோதுதான், 2025 ஜூனில், மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரைத் திருட்டுப் புகாருக்காகக் கொண்டுபோய் அடித்தே கொன்றார்கள். முதல்வர் அந்தத் தாயிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையனை எந்த மாஜிஸ்திரேட் முன்னாலும் கொண்டுவரவில்லை. ஆகவே யார் ஆட்சி என்று பார்த்து உன் கண்ணைத் திறக்காதே, மூடவும் மூடாதே.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று கையில் மாவுக்கட்டோடு போட்டோ வருகிறது. நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் அதைச் சிரிப்புப் பொம்மையோடு அனுப்புகிறார்கள். ரவுடிதானே, வேண்டும் என்கிறார்கள். ரவுடியின் கையை உடைக்கப் பழகிய கை, நாளைக்குக் குடிநீருக்காக மறியல் செய்தவனின் கையை உடைக்க யோசிக்காது. உன் கோர்ட்டுக்கு மாவுக்கட்டோடு எவன் வந்தாலும், எந்தப் பாத்ரூம், எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தார்கள், முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டு எழுது.

பேசியதற்காக, எழுதியதற்காகப் பிடித்துக்கொண்டு வருகிற வழக்குகளில் இன்னும் நிதானம் வேண்டும். ரிமாண்ட் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 2018 அக்டோபரில் எழும்பூர் கோர்ட்டில் பார்த்தோமே! ஆளுநரைப் பற்றி வந்த கட்டுரைகளுக்காக நக்கீரன் கோபாலைப் பிடித்துக்கொண்டு வந்து, ஆளுநரைப் பணிசெய்ய விடாமல் தடுத்தார் என்று பிரிவு போட்டார்கள். கட்டுரைக்கு அந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று பார்த்த மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்ப மறுத்துவிட்டார். உன் பதவியில் இருந்தவர்தான் அவரும். காரணம் எழுதாமல் காவலில் வைக்க உத்தரவு போடுகிற மாஜிஸ்திரேட் மீதும் நடவடிக்கை வரும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதை உன் மேஜையில் வைத்துக்கொள்.

சின்ன மனுவைத் தள்ளிவைக்காதே. திருச்சிப் பக்கத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை 2020 அக்டோபரில், 83 வயதில், உபா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். நடுக்குவாதம். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்திவிடும். உறிஞ்சிக் குடிக்கிற குழாய் வைத்த குவளை வேண்டும் என்று நவம்பர் 6-ம் தேதி கோர்ட்டில் மனு போட்டார். பதில் சொல்ல, வழக்கை நடத்திய தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) 20 நாள் அவகாசம் வாங்கி, எங்களிடம் அது இல்லை என்றது. ஒரு கிழவர் தண்ணீர் குடிப்பதற்கு வாய்தா! ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-ல் மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசியில் அவர் கேட்டது ஆஸ்பத்திரிகூட இல்லை, ராஞ்சியில் தன் ஆட்களோடு இருக்க வேண்டும் என்பதுதான். கண்ணாடி, மாத்திரை, போர்வை, அம்மாவுக்கு ஒரு போன் என்று கேட்டு உன்னிடமும் மனு வரும். அன்றைக்கே உத்தரவு போடு. சிறைக்குள் இருப்பவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

காவல் நீட்டிப்பு இப்போதெல்லாம் வீடியோவில் நடக்கிறது. திரையில் முகம் மட்டும் தெரியும், அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல். சந்தேகம் வந்தால் நேரில் கொண்டுவரச் சொல்.

கிளைச் சிறைக்குப் பார்வையிடப் போகும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதே. சாப்பாட்டு நேரத்துக்குப் போ. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உள்ளே போய்விட்டு வா. கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, உடம்பு சரியில்லாதவனுக்கு மாத்திரை கொடுக்கிறார்களா என்று அவர்களிடமே கேள். சூப்பிரண்டெண்ட் கூடவே வந்தால், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று மரியாதையாகச் சொல். முதல் தடவை போய்விட்டு வந்ததும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா