பள்ளத்துக்கு மேலே ஓர் ஆள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய படம் வந்தது. புதுத் தண்ணீர்ப் பைப்புக்காகத் தண்ணீர் மீட்டரிலிருந்து சமையலறைச் சுவர் வரை கயிறு பிடித்துக் கோடு பிசகாமல் வெட்டியிருக்கிறாய். இருபது மீட்டர் நீளம், ஓரடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் நாலரை கன மீட்டர் மண். ஏழு டன் வரும். அத்தனையும் உன் கையால் என்று நினைக்கப் பெருமையாக இருக்கிறது. அம்மா பார்ப்பவரிடமெல்லாம் காட்டிவிட்டாள். ஆனால் படத்தில் உன் நிழல் ஒன்றுதான் விழுந்திருக்கிறது.

வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்திருக்கிறாயே, அதை முதலில் தள்ளிப் போடு. கரைக்கும் குவியலுக்கும் நடுவில் இரண்டடி வெறுந்தரை இருக்க வேண்டும். குவியலின் பாரம்தான் கரையை உள்ளே தள்ளும். மீட்டர் பக்கம் பழைய பைப் ஆழத்தில் கிடப்பதால் அங்கே மட்டும் நெஞ்சளவு இறங்கியிருக்கிறாய். எனக்குத் தூக்கம் போனது அந்த இடத்தால்தான். பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கிறதே என்று நம்பி இறங்காதே. கரையில் பள்ளத்துக்கு இணையாக மயிரிழை போல ஒரு விரிசல் ஓடினால், அந்தத் துண்டு விழத் தயாராகிவிட்டது என்று பொருள். நெஞ்சு வரை மண் மூடினாலே போதும். மூச்சை விடும்போது மண் இறுகும், மறுபடி இழுக்க விடாது. அங்கே குழியை அகலமாக்கிச் சுவரைச் சரிவாக வெட்டு. உதிரி மண்ணானால் ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு. இடமில்லையென்றால் இரு பக்கமும் பலகை வைத்துக் குறுக்கே முட்டுக் கொடு. ஏணியைக் குழிக்குள்ளேயே நிறுத்தி வை. நீ உள்ளே இருக்கும்போது மேலே ஓர் ஆள் நிற்கட்டும்.

மாப்பிள்ளைக்கு இப்போது வேலை அதிகம் போலிருக்கிறது. இருக்கட்டும். யாராயிருந்தாலும் சரி, ஓர் ஆள்.

பழைய இரும்புப் பைப்பை அறுப்பதற்கு முன் ஒன்று. பழைய வீடுகளில் மின்சார எர்த்தை அந்தப் பைப்போடு சேர்த்திருப்பார்கள். பிளாஸ்டிக் போட்டதும் வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் போகும், வெளியே எதுவும் தெரியாது. அறுக்கும் நேரத்தில் இரண்டு துண்டையும் ஒருசேரத் தொட்டால் ஷாக் அடிக்கவும் கூடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் போட்ட பிறகு ரம்பத்தை எடு. இதில் உன் பிடிவாதம் வேண்டாம்.

பைப் எச்டிபிஇ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக், 32 மி.மீ., சுருளாக ஒரே நீளத்தில் வாங்கு. மண்ணுக்குள் ஜாயின்ட் இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் மட்டும் போதும். சுருளை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். பிரிக்கும்போது ஒருவர் முனையைப் பிடித்திருக்க, மற்றவர் உருட்டிக்கொண்டே போக வேண்டும். தனியாகப் பிரித்தால் திருகி மடியும். மடிந்த இடம் நிமிர்ந்த பிறகும் பலவீனம்தான், அதை வெட்டித்தான் எறிய வேண்டும்.

அடியில் 10 செ.மீ. மணல், பைப்புக்கு மேலும் 10 செ.மீ. மணல். கூரான கல் ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் போதும், பல வருஷம் கழித்து அதே இடத்தில் ஓட்டை விழும். பைப்பை விறைப்பாக இழுக்காதே, லேசாக வளையவிடு. வெப்பம் 20 டிகிரி மாறினால் இருபது மீட்டர் பைப் 8 செ.மீ. நீளும், சுருங்கும். வெயிலில் சூடாகக் கிடந்ததை அப்படியே இறுக்கிவிட்டால், மண்ணுக்குள் குளிர்ந்ததும் ஜாயின்டிலிருந்து உருவிக்கொள்ளும். ஆகவே கடைசி இணைப்பு பைப் குளிர்ந்த பிறகுதான். கழிவுநீர்க் குழாயைத் தாண்டும் இடத்தில் நம் பைப் அதற்கு மேலே, ஒன்றரை அடி இடைவெளியில் போக வேண்டும்.

பைப் முனையை நேராக அறுத்து வெளி விளிம்பைச் சரிவாகச் சீவு, இல்லாவிட்டால் ஜாயின்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் குறித்துக்கொள். ஒழுகுகிற ஜாயின்டுகளில் பெரும்பாலும் பைப் வளையத்தைத் தாண்டாமல் பாதியிலேயே நின்றிருக்கும். சோப்புத் தண்ணீர் தடவலாம், கிரீஸ் கூடாது.

சோதனைக்கும் இரண்டு பேர் வேண்டும். தண்ணீரை மெதுவாக விட்டு, மறுமுனைக் குழாயைத் திறந்து காற்று முழுவதையும் வெளியேற்று. பிறகு வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்று. முதலில் அழுத்தமானியின் முள் இறங்கும், பதறாதே. இந்தப் பைப் அழுத்தத்தில் கொஞ்சம் விரியும். மறுபடி ஏற்றி, நின்ற பிறகு பார். காற்றடித்துச் சோதிக்கவே கூடாது, வெடித்தால் துண்டுகள் பறக்கும். அப்புறம் குளோரின். இருபது மீட்டர் பைப்பில் ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளும். மணம் சேர்க்காத 5 சதவீத பிளீச் 11 மி.லி. கலந்து பைப்பை நிரப்பி, 24 மணி நேரம் வைத்து, வாடை போகும்வரை கழுவிவிடு.

மூடும்போது அரையடி அரையடியாகக் கெட்டிக்க வேண்டும். பைப்புக்கு ஓரடி மேலே எச்சரிக்கை நாடாவும், பைப்போடு கூடவே ஒரு செம்புக் கம்பியும் போடு. பிளாஸ்டிக்கைக் கருவியால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, கம்பியைக் கண்டுபிடிக்கலாம்.

இத்தனை பெரிய வேலையை எடுத்திருக்கிறாய், ஒரு போன் செய்து கேட்கத் தோன்றவில்லையே. கேட்டிருந்தால் நானே வந்து மேலே நின்றிருப்பேன். இப்போதும் வருவேன். நெஞ்சளவுக் குழியில் மட்டும் தனியாக இறங்காதே.

அழுத்தம் காட்டும் முள்ளைப் படம் பிடித்து அனுப்பு, நான் பார்த்துச் சொன்னபின் மண் தள்ளு. பைப்பின் மறுமுனையை யார் பிடித்தார்கள் என்றும் எழுது. அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சுவரைத் துளைத்து நுழையும் இடத்தில் ஒரு பெரிய பைப்புத் துண்டை உறையாக விடு. சிமென்ட் நேராகப் பைப்பைப் பிடிக்கக் கூடாது. மழை பெய்தால் அன்றைக்கும் மறுநாளும் குழிக்குள் இறங்காதே.