தங்கைக்கு: ‘டேக்’ பற்றி நீ கேட்டது

யார்க், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். அம்மா, அப்பா, பாட்டி சுகமா? கோத்தகிரியில் உறைபனி விழ ஆரம்பித்திருக்கும். இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

நர்ஸ் தேர்வுக்குப் படிக்கையில் ‘டேக்’ (take) என்ற ஒரே ஆங்கிலச் சொல் பக்கத்துக்குப் பக்கம் பொருள் மாறுகிறது என்று எழுதியிருந்தாய். ‘எடு’ என்று மட்டும் மனப்பாடம் செய்தால் மாறத்தான் செய்யும்.

உன் வேலைக்கு முதலில் மாத்திரை. நாம் மாத்திரை சாப்பிடு என்போம், போடு என்போம். இங்கே மருந்துக்கு ‘ஈட்’ வராது. மருந்துக் கடை லேபிளில் ‘டேக் ஒன் ட்வைஸ் எ டே’ என்று இருந்தால் ஒன்று, இரண்டு வேளை. டெம்பரேச்சர், பல்ஸ், பிளட் பிரஷர் இவற்றோடு டேக் வந்தால் அளப்பது. ரத்தத்தோடு வந்தால் நம்மைப் போலவே எடுப்பது. ஹிஸ்டரியோடு வந்தால் நோயாளியை விசாரித்து எழுதிக்கொள்வது. ஆனால் வாந்தி எடுக்கிறது, பசி எடுக்கிறது என்கிற இடத்தில் டேக் நுழையவே கூடாது. கொழுந்து எடுப்பதற்கும் வராது, அதற்கு ‘பிளக்’ (pluck). தேர்வு எழுதுவதை நாம் ‘ரைட்’ என்கிறோம். இங்கே ‘டேக்’ அல்லது ‘சிட்’.

குளிப்பதற்கு ‘டேக் பாத்’ என்று ஊரில் சொல்வோம், இங்கே ‘ஹேவ் எ ஷவர்’ என்பார்கள். டீ குடிப்பதற்கும் ஹேவ் தான். ஆனால் ‘டூ யூ டேக் ஷுகர்?’ என்று கேட்டால், டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டா என்று பொருள். ‘ஒன், ப்ளீஸ்’ என்றால் ஒரு ஸ்பூன் போடுவார்கள். பாலைக் காய்ச்சாமல் அப்படியே ஊற்றுவார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்.

‘பிரிங்’, ‘டேக்’ குழப்பம் தமிழ்க்காரர்களுக்கு வரவே கூடாது. கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக். போய் எடுத்துக்கொண்டு வா என்றால் ‘ஃபெட்ச்’. வார்டில் நின்றுகொண்டு ‘டேக் ஹிம் டு எக்ஸ்ரே’, படம் பிடித்த பிறகு ‘பிரிங் ஹிம் பேக்’. நேரத்துக்கும் டேக் தான்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரயிலில் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கிறதே, அந்தப் ‘பிடிக்கிறது’.

அதிகம் தடுக்குவது பின்னால் ஒட்டும் சிறு சொற்களில். ‘டேக் ஆஃப் யுவர் கோட்’, ‘டேக் யுவர் கோட் ஆஃப்’ இரண்டும் சரி. கோட்டுக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘டேக் இட் ஆஃப்’. ‘டேக் ஆஃப் இட்’ என்றால் தப்பு. ‘டேக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியாது. நீ பாட்டி சாடை என்பதை ‘ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹர் கிராண்ட்மதர்’ என்று சொல்ல வேண்டும். ‘டேக் இன்’ என்பதற்கு ஏமாற்றுவது, தொளதொள ஜாக்கெட்டைப் பிடித்துத் தைப்பது என்றெல்லாம் பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் காதில் விழுவது வேறு: டாக்டர் சொன்ன கெட்ட செய்தி காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை என்றால், அவரால் அதை ‘டேக் இன்’ செய்ய முடியவில்லை என்பார்கள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட் எழுதும்போது ‘ஹேஸ் டுக்’, ‘டிட் டுக்’ வேண்டாம். இறந்தகாலத்தில் தனியாக வந்தால் டுக், ஹேஸ் வந்தால் டேக்கன், டிட் வந்தால் டேக்.

இந்தச் சொல் இங்கிலாந்தின் சொந்தச் சொல் இல்லை. 866-இல் யார்க்கைப் பிடித்த வைக்கிங்குகளின் (வடக்கே கடல் கடந்து படையெடுத்து வந்தவர்கள்) மொழியில் ‘தாகா’. அதற்கு முன் இங்கே ‘நிமன்’ என்றுதான் சொன்னார்கள், ஜெர்மன்காரர்களின் ‘நேமன்’ அதன் உறவு. வந்த சொல் இருந்த சொல்லைத் தள்ளிவிட்டது. நிமனின் மிச்சம் ‘நம்ப்’ (numb) என்ற சொல்லில் இருக்கிறது. குளிரில் விரல் மரத்துப்போவதற்கு இன்றும் அதுதான் சொல், பிடிக்கப்பட்டது என்பது அதன் பழைய பொருள். இந்த ஊரில் ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று தெருப் பெயர்கள். வைக்கிங் மொழியில் ‘காதா’ என்றால் தெரு, அதுதான் இந்தக் ‘கேட்’. கோட்டை வாசலுக்கு இங்கே ‘பார்’ (bar) என்று பெயர், வழி கேட்கும்போது இதை மறக்காதே. விண்டோவும் அவர்கள் தந்ததுதான், ‘காற்றுக் கண்’ என்று பொருள். நம் பழந்தமிழ்க் காலதரும் காற்று வரும் வழி என்பதுதானே! எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

ஒரே பொருள் என்று புத்தகம் போடும் சொற்களை அப்படியே நம்பாதே. ‘சீஸ்’ (seize) என்றால் பறிமுதல், ‘கிராப்’ என்றால் வெடுக்கென்று பிடுங்குவது. ‘ரிசீவ்’ என்றால் கைக்கு வந்து சேர்ந்தது, ‘அக்செப்ட்’ என்றால் சம்மதித்து ஏற்றது. வேலைக் கடிதம் வந்தால் முதலில் ரிசீவ், நீ சரி என்று எழுதிய பிறகே அக்செப்ட்.

நோட்டில் டேக்கைத் தனியாக எழுதாதே, கூட வரும் சொல்லோடு முழு வாக்கியமாக எழுது. இருபது வாக்கியம் எழுதிப் படம் பிடித்து அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன். பாட்டிக்கு மாத்திரையை வேளை தவறாமல் கொடு.

அன்புடன்,
அக்கா