நீ நடக்காத அறுநூறு மீட்டர்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள சங்கரா,

நீ நடந்த வழியை உன் போன் கோடாக வரைந்த படமும் அதற்குக் கீழே நீ எழுதியிருந்த வசவும் வந்து சேர்ந்தன. வாட்ஸப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கட்டை விரல்களால் நாலு வரிக்கு மேல் தட்டினால், என்ன எழுதினேன் என்று எனக்கே புரிவதில்லை. இரண்டு நாளாகச் சாரல். குற்றாலத்தில் சீசன் தூள் பறக்கிறதாம். இங்கே கொடியில் போட்ட வேட்டி காயவில்லை. உன் மதினி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "அந்த வாத்தியாருக்கு எழுதினால் தங்கச்சியையும் கேட்டதாகப் போடுங்க" என்கிறாள். போட்டுவிட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ரேஸ் கோர்ஸை இரண்டு சுற்று சுற்றினால் ஐந்து கிலோமீட்டர். உன் போன் ஒரு நாள் 6.8 என்கிறது, மறுநாள் 3.9 என்கிறது. போதாக்குறைக்கு, சாயந்தரம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்ததை 600 மீட்டர் நடை என்று எழுதி வைத்திருக்கிறது. "போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் கதையைக் கேள். போன வருடம் நானும் இதே மாதிரி அவசரப்பட்டு ஏமாந்தவன்தான்.

என் போன் மாடிப்படியில் விழுந்து திரை விரிசல் விட்டது. ஒரு கடையில் கொடுத்துப் புதுத் திரை போட்டு வாங்கி வந்தேன். பேச்சு, படம், பாட்டு எல்லாம் சரியாக இருந்தன. பத்து நாள் கழித்துக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பினோம். மேப்பைப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டுகிறேன். வீரவநல்லூர் வந்தாகிவிட்டது, திரையில் நீலப் புள்ளி இன்னும் சேரன்மகாதேவியில் அசையாமல் நிற்கிறது. திடீரென்று ஒரு குதி குதித்து வயலுக்கு நடுவில் போய் உட்காருகிறது. எனக்குத் தெரிந்த சாலை என்பதால் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

அப்புறம் மூன்று வாரம் நான் செய்த கூத்தைக் கேட்டால் சிரிப்பாய். மேப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். லொகேஷனை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒருவன் சொன்னான் என்று போனை முழுசாகத் துடைத்துப் புதுப்போன் போல ஆக்கினேன். அதில் பேத்தி மழலையில் பேசி அனுப்பியிருந்த குரல் பதிவுகள் எல்லாம் போயின. பேக்கப் எடுக்காதது என் தப்பு. புள்ளி மட்டும் திருந்தவில்லை.

இதில் என்னை ஏமாற்றியது என்ன தெரியுமா? ஊருக்குள் எல்லாம் சரியாகக் காட்டியதுதான். போனுக்கு இடம் தெரிய ஜி.பி.எஸ். ஒன்றுதான் வழி என்று நாம் நினைக்கிறோம். அது செல்போன் டவர்களையும், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையையும் பார்த்து, "அநேகமாக இங்கேதான்" என்று ஒரு குத்துமதிப்பும் வைத்திருக்கும். செயற்கைக்கோள் எட்டாதபோது சத்தமில்லாமல் அந்தக் குத்துமதிப்பைக் காட்டிவிடும். தெருவுக்குத் தெரு வைஃபை இருக்கிற பாளையங்கோட்டையில் அது போதும். வயலும் வாய்க்காலுமாக இருக்கிற இடத்தில் சாயம் வெளுத்துவிடும். புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் வரும் பார், அது எவ்வளவு பெரிதோ போனுக்கு அவ்வளவு சந்தேகம் என்று அர்த்தம். வருடக்கணக்காக அந்த வட்டத்தை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது இப்படி. ஜி.பி.எஸ். டெஸ்ட் என்று ஒரு செயலி, காசு கிடையாது. தலைக்கு மேலே எந்தெந்தச் செயற்கைக்கோள் நிற்கிறது, ஒவ்வொன்றின் சிக்னலும் எவ்வளவு பலமாக விழுகிறது என்று எண்ணோடு காட்டும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, போன் புதுசாக இருந்தால் நம் நாவிக்கும், ஒவ்வொன்றும் அதனதன் கொடியோடு வரிசையாக வரும். ஒரு சாயந்தரம் என் போனையும் உன் மதினி போனையும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே வானம், அதே நேரம். அவள் போனில் 38, 42, 40 என்று பச்சையாக நிற்கிறது. என் போனில் அதே செயற்கைக்கோள்கள்: 17, 19, சில இடத்தில் வெறும் கோடு. 30-க்கு மேல் இருந்தால் நல்லது, 20-க்குக் கீழே போனால் காது மந்தம் என்று வைத்துக்கொள். மேப்பிலும் செட்டிங்கிலும் ஒரு குறையும் இல்லை. என் போனுக்குக் காது போயிருந்தது.

மறுநாள் கடைப்பையன் பின்மூடியைக் கழற்றினான். ஓரத்தில் ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கும் போர்டுக்கும் நடுவே தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய நகக்கண் அளவு பித்தளைத் தகடு ஒன்று, திரை மாற்றும்போது நசுங்கிப் படுத்துவிட்டது. இடுக்கியால் நிமிர்த்தினான். ஐந்து நிமிஷம். காசு வேண்டாம் என்றான், முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் வந்து பார்த்தேன், 39.

அதனால்தான் உன்னிடம் முதலில் கேட்கிறேன்: உன் போனை யாராவது திறந்தார்களா? பேட்டரி, திரை, ஏதாவது? இல்லை என்றால் மேலே படி. திறந்திருந்தால் முதலில் தங்கச்சி போனோடு மொட்டை மாடிக்குப் போ.

இப்போது உன் படம். நாற்பது வருடம் நில அளவையில் கோடு பார்த்தவன் நான். உன் பச்சைக் கோட்டில் இரண்டு வேறு வேறு நோய் தெரிகிறது. நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுகிறாய்.

6.8 வந்த நாளைப் பார். கோடு ரம்பப் பல் மாதிரி இழைகிறது, சாலையை விட்டு எதிர்வரிசை வீடுகளுக்குள் போய்விட்டு வருகிறது. அது மரமும் கட்டிடமும் செய்கிற வேலை. நான் சேர்ந்த காலத்தில் நாங்கள் இழுத்த அளவுச் சங்கிலி (Gunter என்ற ஆங்கிலேயர் பெயரால் குண்டர் சங்கிலி என்போம்) 66 அடி. மூன்று பக்க நீளம் தெரிந்தால் முக்கோணம் போட்டுவிடலாம், கோணம் அளக்கவே வேண்டாம் என்பது சங்கிலி அளவையின் அடிப்படை. ஜி.பி.எஸ்.ஸும் அதே வேலைதான் செய்கிறது. சங்கிலிக்குப் பதில் நேரம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள், "இப்போது மணி இவ்வளவு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எத்தனை நேரம் ஆயிற்று என்பதிலிருந்து போன் நீளத்தைக் கணக்குப் போடும். போனின் கடிகாரம் சுமார் ரகம் என்பதால் அந்தப் பிழையையும் கண்டுபிடிக்க நாலாவது செயற்கைக்கோள் ஒன்று வேண்டும். நாலு தெரியாத எண், நாலு சமன்பாடு, வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் பார்: எங்கள் ஒரு சங்கிலி நீளத்தை ஒளி கடக்க ஆகிற நேரம் ஒரு நொடியில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு. சிக்னல் நேராக வராமல் எதிர்க் கட்டிடத்துச் சுவரில் மோதி வந்தால் அவ்வளவு தாமதம் சுலபமாக ஆகிவிடும். உடனே போன் உன்னை 66 அடி தள்ளிக் கொண்டுபோய் யார் வீட்டு ஹாலிலோ நிறுத்திவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிழை இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி என்று வந்தாலும் தூரத்தில் அது கழிபடாது. ரம்பப் பல்லின் நீளம் எப்போதும் நேர்கோட்டை விடக் கூடத்தானே? நாற்காலியில் உட்கார்ந்திருந்த 600 மீட்டரும் இப்படி வந்ததுதான். வீட்டுக்குள் கூரைக்குக் கீழே மிச்சசொச்ச சிக்னலில் புள்ளி தள்ளாடுகிறது. ஒவ்வொரு தள்ளாட்டத்தையும் செயலி உன் கணக்கில் வரவு வைக்கிறது. நடை முடிந்தால் நிறுத்து பொத்தானை அழுத்து, அவ்வளவுதான் மருந்து.

நீ மழையைக் குறை சொல்லியிருக்கிறாய். மழையும் மேகமும் இந்த அலைவரிசையை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. நனைந்த இலை செய்யும். அதைவிட நீ செய்வாய்: போனைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறாய் அல்லவா? மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அது சிக்னலைக் குடித்துவிடும். சட்டைப் பையில் வை. கிளம்பும்போது வாசலிலேயே பொத்தானை அழுத்தாதே. மரம் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு நிமிஷம் சும்மா நில். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறேன் என்ற விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் சொல்லும். முழுசாகக் கேட்க அரை நிமிஷம் ஆகும். நெட் இருந்தால் போன் அந்த விவரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நீதான் காலையில் டேட்டாவை அணைத்து வைக்கிற மகா சிக்கனக்காரன் ஆயிற்றே.

3.9 வந்த நாள் வேறு. அந்தக் கோட்டில் நடுங்கலே இல்லை. பாதிச் சுற்று ஒழுங்காக வந்து, அங்கிருந்து ஒரே நேர்கோடாக எதிர்ப்பக்கத்துக்குப் பாய்கிறது, கட்டிடங்களுக்கு மேலே பறந்து போனது மாதிரி. அங்கே நீ பறக்கவில்லை, போன் தூங்கிவிட்டது. திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செயலியை ஓரங்கட்டிவிட்டது. மறுபடி விழித்தபோது விட்ட புள்ளியையும் கண்ட புள்ளியையும் நேராக இணைத்துவிட்டது. பேட்டரி செட்டிங்கில் போய் அந்த நடைச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று வை. அப்படியே லொகேஷன் அனுமதியில் துல்லியமான இருப்பிடம் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. அது இல்லாவிட்டால் செயலிக்கு உன் பேட்டைதான் தெரியும், நீ தெரியமாட்டாய்.

அம்புக்குறி எதிர்த்திசை காட்டுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் சம்பந்தமில்லை. அது போனுக்குள் இருக்கிற காந்த ஊசியின் வேலை. உன் மகன் வாங்கித் தந்த அந்தத் தோல் உறை, டப்பென்று ஒட்டிக்கொள்ளுமே, அதில் காந்தம் இருக்கிறது. உறையைக் கழற்றிவிட்டுப் போனைக் காற்றில் எட்டுப் போடுகிற மாதிரி நாலைந்து தடவை சுழற்று. பார்க்கிறவர்கள் மந்திரவாதி என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

ஊசி என்றதும் நினைவு வருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகத்தான் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய இடமாகத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைப் பார்த்து எடுத்தது அதனால்தான். இங்கே கிருஷ்ணாபுரத்தில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பதும் அதற்காகவே. இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகு மேல் வானத்து மின்னூட்டம் கொப்பளிக்கும், பங்குனி, புரட்டாசி வாக்கில் கூடுதலாக. போனில் நமக்கு அது அவ்வளவாகத் தெரியாது. சென்டிமீட்டர் பார்க்கிற அளவைக் கருவியில் தெரியும். நான் ஓய்வு பெறப்போகிற சமயம் புதுக்கருவியோடு வந்த பையன்கள் சில சாயந்தரங்களில் கருவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "தம்பி, காலையில் வாங்க" என்பேன்.

ஆனாலும் இந்தக் காலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்ப்டன் துரை, தெற்கே வரும்போது மலை இல்லாத தஞ்சாவூர்ச் சமவெளியில் பார்வைக்கு உயரம் தேடிப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட் என்கிற அரை டன் கோணமானியை ஏற்றப்போனார். 1808-இல் கயிறு கைவிட்டுக் கருவி கோயிலில் மோதி நசுங்கியது. பாவம், அதை அவரே உட்கார்ந்து சரிசெய்தார். எனக்கு ஒரு தகடு நசுங்கியதற்கே மூன்று வாரம்.

நீ வாங்க நினைத்தாலும் ஒரு விஷயம் பார்த்து வாங்கு. எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையையும் கேட்கிற போனாக இருந்தால் சுவரில் மோதி வருகிற சிக்னலை ஓரளவு ஒதுக்கிவிடும். 2018-இல்தான் அப்படிப்பட்ட போன்கள் வரத் தொடங்கின. ஆனால் உன் நடைக்கு அது தேவையில்லை. ரேஸ் கோர்ஸ் எத்தனை சுற்று என்று விரல் விட்டு எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

இன்னும் ஒரு சங்கதி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதமாகப் போனும் கையுமாகக் காம்பவுண்ட் சுவரை ஒட்டி நடக்கிறார். அவருடையது மூன்று சென்ட். ஏதோ ஒரு செயலியில் நாலு மூலையும் குறித்துப் பார்த்ததில் கால் சென்ட் குறைகிறதாம். நான் சொல்லிப் பார்த்தேன்: மூன்று சென்ட் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் முப்பத்தாறு அடி. திறந்த வெளியிலேயே போன் பதினாறு அடி வரைக்கும் தப்பலாம். கிட்டத்தட்டப் பாதிப் பக்கம் அளவுக்குத் தடுமாறுகிற கோலை வைத்து எந்த வரப்பை அளப்பது? எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்தை எடுங்கள், எல்லைக்கல் இருக்கிறதா பாருங்கள், டேப் பிடிப்போம் என்றேன். "நீங்க பழைய ஆள் சார்" என்றுவிட்டார்.

நாளைக் காலை நடந்துவிட்டுப் புதுப் படம் அனுப்பு. சட்டைப் பையில், டேட்டா போட்டு, உறை கழற்றி. கடிதத்தை இத்தோடு நிறுத்துகிறேன். சாரல் விட்டிருக்கிறது, அந்த மனுஷர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசற்பக்கம் வருகிறார்.

உன்,
ஆவுடையப்பன்